அஞ்சு நாள் என்று சொன்னேன்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும். பால்காரர் ஊற்றும்போது குவளையின் அடியைப் பார்ப்பேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கினால் காலாவதி தேதியை அங்கேயே நின்று படிப்பேன். "உன்ன ஆஸ்பத்திரில சேத்தா டாக்டருக்குத்தான் ஜுரம் வரும்" என்று என் கணவர் லோகு கிண்டல் செய்வார். ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று தெரிந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தரிடமும் சொல்லி முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் மட்டும் என் சந்தேகத்துக்கு வலுவான காரணம் உண்டு. அம்மாவின் தங்கை ராணி சித்தி, இரண்டாவது பிள்ளை பிறந்த மறுவருஷம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் போனாள். சின்ன ஆபரேஷன், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். மூன்றாம் நாள் பிணமாகத்தான் எங்கள் ஊர் பொதட்டூர்பேட்டைக்கு வந்தாள். உள்ளுக்குள் ரத்தம் நிற்கவே இல்லையாம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. டாக்டர் கை தவறி எதையோ அறுத்துவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகப் பேச்சு. அம்மா அந்த டாக்டரைச் சபிக்காத பண்டிகை நாள் கிடையாது. ஆபரேஷன் என்று யார் சொன்னாலும், சித்தியின் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணிதான் எனக்கு ஞாபகம் வரும்.

எனக்கும் வயதுக்கு வந்த நாளிலிருந்தே ரத்தப்போக்கு ஜாஸ்தி. "நம்ம ஊட்டுப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான், சூட்டு உடம்பு" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஒன்பதாம் வகுப்பில் கடைவாய்ப்பல் பிடுங்கியபோது இரண்டு நாள் வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பல் டாக்டரின் கை சரியில்லை என்றார்கள். என் மகள் நிவேதா பிறந்த பத்தாம் நாள் போக்கு அதிகமாகி, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அது திருஷ்டி. தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகக் கன்றிப்போகும். அது நான் கண்ணைத் திறந்து நடக்காததால். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கைவசம் இருந்தது. ஊரையே சந்தேகப்படுகிற நான் இவற்றையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் நடந்த கூத்து புரியாது. தீட்டு வந்தால் தனிப்பாய், தனித்தட்டு, சாமி படம் இருக்கும் பக்கம் போகக் கூடாது. ஐந்தாம் நாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டால் முடிந்தது. அதற்குப் பிறகும் வந்தால்? வரத்தான் செய்யும், ஆனால் அது கணக்கில் சேராது. "அதுக்கு மேல வர்றது உடம்புக் கழிவு. அத்தப் போயி யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத" என்று அம்மா முதல் மாதமே சொல்லிக்கொடுத்தாள். நடவு நேரத்தில் ஒரு பெண்ணை ஐந்து நாளைக்கு மேல் உட்கார வைத்துச் சோறு போட எந்த நெல் விவசாயி வீட்டில் முடியும்? கவரைப்பேட்டைக்கு உள்ளே நாங்கள் இருக்கும் என் மாமியார் வீட்டிலும் இதே சட்டம்தான். ஐந்தாம் நாள் குளித்துவிட்டு, மடித்த துணியை இரண்டாக வைத்துக்கொண்டு, சாமிக்கு விளக்கேற்றுவேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. வாஷரில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கில் காட்டிப் பார்க்க வேண்டும். என் குணத்துக்குப் பொருத்தமான வேலை. எங்கள் லைனில் இருபத்தெட்டுப் பெண்கள். பாத்ரூம் போக இரண்டே இரண்டு டோக்கன். பச்சை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்வந்து, திரும்ப ஆணியில் மாட்ட வேண்டும். யார் எப்போது போனார், எப்போது வந்தார் என்பதை லைன் லீடர் ஜெயந்தி அக்கா ஒரு நீள நோட்டில் எழுதுவார். என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அடிக்கடி ஒரு புள்ளி வைப்பார். ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டேன். வேலையை விட்டுத் தூக்கத்தான் இந்தப் புள்ளி என்று முடிவு செய்துகொண்டு, அன்றிலிருந்து அவர் கொடுக்கும் டீயைக்கூட வாங்குவதில்லை.

போன வருஷம் ஒரு நாள் காலை, கம்பெனி வாசலில் விரல் வைத்து வருகை பதியும் இயந்திரத்தின் முன்னால் அப்படியே சரிந்து விழுந்தேன். கண் விழித்தபோது டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் கிடந்தேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஐந்து. உடம்பு முழுக்கக் காற்றைச் சுமந்து போகும் சத்து அது, பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். போக்கை நிறுத்த ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி தெரிந்தது. டாக்டர் படத்தை விளக்கில் காட்டினார்.

"கர்ப்பப்பைய எடுத்துடலாம். ஒரு குழந்தை இருக்குல்ல? வெள்ளிக்கிழமை வெச்சிக்கலாம்."

வாழைத்தாரை வெட்டி எடுப்பதுபோலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நெல்லிக்காய் அளவு கட்டி இந்த வருஷத்துக் கதை, எனக்குப் போக்கோ இருபத்து மூன்று வருஷக் கதை. அதையே கேட்டேன். "கூகுள் பாத்தியாம்மா?" என்றார். லோகு என் கையை அமுக்கினார்.

என்னைக் காப்பாற்றியது மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்க வந்த வயதான மனிதர். ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்ததைத் தடவிப் பார்த்தார். "பல்லு கில்லு புடுங்கி இருக்கியாம்மா? அப்ப ரத்தம் நின்னுச்சா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரத்தம் உறையற டெஸ்ட் பாக்காம நான் மயக்கம் குடுக்க மாட்டேன்" என்று வெளியே போனார். அந்த டெஸ்ட் சென்னையில் பெரிய அரசு ஆஸ்பத்திரியில்தான் எடுக்க முடியுமாம். நர்சிங் ஹோம் டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. டெஸ்ட் சரியாக இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை என்று தேதி போட்டுத்தான் அனுப்பினார்.

மறுநாள் காலை லோகுவோடு நெரிசலான மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், படியேறி இறங்கி, ஆஸ்பத்திரி வரிசையில் ஒருத்தர் முந்தப் பார்த்ததற்குச் சண்டை போட்டு, மூச்சு வாங்க ரத்த நோய்ப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். பெஞ்சு முழுக்கப் பையன்களும் ஆண்களும். முட்டி வீங்கினவர்கள், கட்டுப் போட்டவர்கள். பெண்கள் எல்லாம் பையனுக்குத் துணையாக வந்த அம்மாக்கள். சீட்டு எழுதுகிறவர் என்னைப் பார்க்காமலேயே, "பையன் பேரு சொல்லுங்க" என்றார்.

"பையன் இல்லிங்க. எனக்குத்தான்."

"உங்களுக்கா? இது ரத்தம் உறையாத வியாதிக்காரங்க எடம்மா. ஆம்பளப் புள்ளைங்களுக்கு வர்றது." அவர் நிமிர்ந்து என்னையும் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நர்சிங் ஹோமும் இவரும் சேர்ந்து என்னை அலைக்கழிக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. லோகுவுக்கும் அன்றுதான் என்மேல் முதல் சந்தேகம் வந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து நான் நாடகம் போடுகிறேனோ என்று.

உள்ளே ஒரு இளவயது டாக்டரம்மா. கையில் கேள்வித்தாள். மாதம் எத்தனை நாள் வரும் என்று கேட்டார்.

"அஞ்சு நாளு" என்றேன்.

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. பேர் என்ன என்று கேட்டால் கோமளா என்று சொல்வது போலத்தான் வந்தது. அவர் எழுதிக்கொண்டார். உடனே ரத்தம் எடுத்தார்கள். நான்கு நாள் கழித்துப் போனபோது, ரத்தம் உறையும் சத்தின் அளவு கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தாலும் சரியாகவே இருக்கிறது என்றார்.

"அஞ்சு நாள்ங்கறது நார்மல்தாம்மா. பெரிய கோளாறு எதுவும் இப்ப தெரியல." காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். ராணி சித்திக்கும் இப்படித்தான் எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

புதன்கிழமை கம்பெனி விடுமுறை. மத்தியானம் ஜெயந்தி அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நான் நிஜமாகவே நோயாளியா என்று பார்த்துவரச் சொல்லி மேனேஜர் அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, பாயைவிட்டு எழுந்திருக்காமல் முனகினேன். மாமியார் அவரிடம் புலம்பினார்.

"இன்னா சொல்றதுமா. அஞ்சு நாளு வர்றது எல்லாருக்கும் வர்றதுதான். டாக்டரே ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இவ ஆபரேசன் வேணாம்னு அடம் புடிக்கிறா."

"அஞ்சு நாளா?" என்றார் ஜெயந்தி அக்கா. "யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "கோமளா, நான் லைன்ல ஆறு வருசமா நோட்டு எழுதறேன். மத்த பொண்ணுங்க ஒரு சிப்ட்டுக்கு ரெண்டு தபா, மூணு தபா டோக்கன் எடுப்பாங்க. அதுக்கு மேல போனா புள்ளி வைக்கணும்னு மேனேஜர் ஆர்டரு. உனக்கு மாசத்துல பத்து, பதினோரு நாளு புள்ளி கீது. அதுவும் வரிசையா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அந்தப் புள்ளியெல்லாம் மேனேஜர்கிட்ட குடுத்தீங்களாக்கா?"

"ரெண்டு தபா குடுத்தேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். என் வேலைய நானும் பாத்துக்கணும் இல்ல? அப்பறம் ஒரு நாளு உன் சேர்ல கறை பாத்தேன். அதுக்கப்பறம் குடுக்கல."

நான் சந்தேகப்பட்டது பாதி சரி, பாதி தப்பு. எழுந்து உட்கார்ந்து அன்றைக்கு அவர் கையால் ஒரு ஆரஞ்சுச் சுளை வாங்கித் தின்றேன். அவர் போகும்போது, "அந்த நோட்ட எடுத்தாந்தா டாக்டருக்கு ஒத்தாசையா இருக்குமா?" என்று கேட்டார். கம்பெனி சாமானை வெளியே கொண்டுவந்தால் வேலை போய்விடும் என்றேன். "நைட் சிப்ட் செக்யூரிட்டி எங்க ஊர்க்காரரு" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை விடியற்காலை, சுடிதாருக்குள் இடுப்பில் செருகி நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். லோகுவிடம் சண்டை. "நர்சிங் ஹோம் டாக்டர நம்ப மாட்ட, பெரிய ஆஸ்பத்திரி டெஸ்ட நம்ப மாட்ட, இப்ப பாத்ரூம் நோட்ட நம்புவியா? எத்தினி பேர சந்தேகப்படுவ நீ?" என்று கத்தினார்.

"என்னையே சந்தேகப்படறேங்க" என்றேன். "அஞ்சு நாளுன்னு நான்தான் சொன்னேன். அது தப்பு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். ரயிலில் நோட்டை வாங்கி மடியில் வைத்து, என் பெயர் வரும் இடமெல்லாம் விரலால் தேடிக்கொண்டே வந்தார். எண்ணூர் தாண்டும்போது அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். ஜன்னல் காற்று என்று சொன்னார். நம்பவில்லை.

டாக்டரம்மா நோட்டை அரைமணி நேரம் புரட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளில் மாதம் மாதமாக எழுதி எண்ணினார். எண்ணி முடித்து, "ஏம்மா அஞ்சு நாள்னு சொன்னீங்க?" என்றார். தலைக்கு ஊற்றுகிற கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "என் கேள்வி தப்பு. எத்தனை நாள் வரும்னு கேட்டேன். எந்த நாள் சுத்தமா நிக்கும்னு கேட்டிருக்கணும்." தன் தப்பை ஒப்புக்கொண்ட டாக்டரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ரத்தக்குழாய் அறுந்தால் ரத்தத்தில் இருக்கும் சின்னத் தட்டுகள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். அவை ஒட்டிக்கொள்ள ஒரு பசை வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பசை குறைவு. அதற்கு வான் வில்லிபிராண்ட் குறைபாடு என்று பெயர். அம்மாவிடமிருந்தும் வரலாம், அப்பாவிடமிருந்தும் வரலாம். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பெண்தான் மாதாமாதம் அதனால் படுகிறாள், ஆனாலும் அவளைத்தான் யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. இன்னொன்றும் சொன்னார். ஓடிவந்து, பதறி, சண்டை போட்டு, அதுவும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்போது ரத்தம் எடுத்தால் அந்தப் பசை ஏறிக் காட்டும். என் முதல் டெஸ்ட் அப்படித்தான் சரியாக வந்தது. இடுப்பு வலிக்கு நான் மெடிக்கலில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரை போக்கை இன்னும் கூட்டியிருக்கிறது. தேதி பார்த்து வாங்கினேனே தவிர, என்ன மாத்திரை என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஹார்மோன் மாத்திரையை நிறுத்தி, வேறு மாத்திரை கொடுத்து மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை நர்சிங் ஹோமிலிருந்து போன் வந்தது. வரவில்லையென்றால் எது நடந்தாலும் எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். "சரிங்க" என்று லோகுவே சொல்லி வைத்துவிட்டார். அந்த மூன்று வாரமும் எனக்கு ஓயாத சந்தேகம். இரண்டாவது டெஸ்டும் சரியாக வந்துவிட்டால் என்ன செய்வது? ஜெயந்தி அக்கா ஆள் தெரியாமல் வேறு யாருடைய புள்ளியையாவது என் பெயரில் வைத்திருந்தால்? அவரையும் விடவில்லை நான்.

இரண்டாம் தடவை என்னை அரைமணி நேரம் மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார வைத்துவிட்டு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது. பசை, இருக்க வேண்டியதில் பாதிக்கும் ரொம்பக் கீழே. "வெள்ளிக்கிழமை டேபிள்ல படுத்திருந்தா?" என்று கேட்டேன். "படுக்கல இல்ல" என்றார் டாக்டரம்மா. லோகு அறையை விட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

கட்டி சின்னதுதான், கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை என்றார்கள். போக்கைக் குறைக்கும் மருந்து பூசிய சின்னக் கருவி ஒன்றை உள்ளே வைக்க ஐந்து நாள் படுக்கையில் சேர்த்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பசையை மருந்தாக நரம்பில் ஏற்றினார்கள். மருந்துக்குக் காசு வாங்கவில்லை. காசு வாங்காததாலேயே ஒரு நாள் முழுக்க அந்த மருந்தைச் சந்தேகப்பட்டேன். மறுநாளிலிருந்து நர்ஸ் குப்பியை எடுத்ததும் லோகுவே வாங்கி, காலாவதி தேதியையும் என் பெயரையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கொடுப்பார். நர்ஸ் சிரிப்பார். மாமியார் ஊரிலிருந்து நாஷ்டா கட்டி அனுப்பினார். என் தட்டு எது, வீட்டுத் தட்டு எது என்று பார்க்காமல் சாமி அறைக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்த டிபன் பாக்ஸ்.

நிவேதாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் இருக்கிறது. வயதுக்கு வர இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகும். பல் பிடுங்கினாலும், ஆபரேஷன் என்றாலும், எந்த டாக்டரிடமும் முதலில் காட்ட வேண்டும் என்று எழுதி இரண்டு பேருக்கும் ஒவ்வொரு அட்டை கொடுத்தார்கள். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவள் அட்டையைப் பத்து நாள் அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு எனக்கே வெட்கமாகப் போய், எடுத்து அவள் ஸ்கூல் பையில் வைத்தேன்.

குணமாகி வந்தபின் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். அம்மாவும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பசை, நோட்டு, புள்ளி, அஞ்சு நாள். அஞ்சு நாள் என்ற இடம் வந்ததும் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"ராணி சித்திக்கும் என்ன மாதிரிதானேம்மா?" என்றேன்.

"ஆமா."

"ஆபரேசனுக்கு முன்னாடி யாராவது கேட்டாங்களாமா? எத்தினி நாளு வருதுன்னு?"

அம்மா கீரைக் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நர்சம்மா கேட்டாங்க, அட்டைல எழுதறதுக்கு. ராணி வெக்கப்பட்டுக்கினு என் மூஞ்சியப் பாத்துச்சு. நான்தான் சொன்னேன். அஞ்சு நாளுன்னு."

இருபத்து நான்கு வருஷம் நாங்கள் அந்த டாக்டரைத் திட்டியிருக்கிறோம். அம்மாமேல் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் சொன்னேன். எனக்கு ஒரு நோட்டு இருந்தது, அவ்வளவுதான்.

"இதுக்கு மருந்து கீதா?" என்று அம்மா கேட்டாள்.

"கீதுமா."

"அப்பவும் இருந்துச்சா?"

இதே கேள்வியை நான் டாக்டரம்மாவிடம் முன்பே கேட்டிருந்தேன். அப்போதும் இருந்தது என்றுதான் அவர் சொன்னார். "அப்ப இல்லமா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என் சந்தேக புத்தி அவளிடமிருந்து வந்ததுதான். நான் குனிந்து கீரையை ஆய ஆரம்பித்தேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த நிவேதாவைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, உன் அட்டைய எடுத்தா. அதுல இன்னா எழுதி கீதுன்னு படி."

நிவேதா பையிலிருந்து அட்டையை எடுத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல நின்றுகொண்டு சத்தமாகப் படித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தபா படி" என்றாள்.